கழற்றும் முன் அளந்து பாருங்கள்: டீசல் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு தொடங்கித் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் டீசல் வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும், ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கும், பட்டறை நடத்துபவர்களுக்கும்:

ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். எக்சாஸ்ட் வெப்பநிலை சென்சாரின் பெயரைச் சொல்லி ஸ்கேனரில் ஒரு கோளாறுக் கோடு வந்தால், அந்தச் சென்சாரில் உடனே ஸ்பேனரை வைக்காதீர்கள். முதலில் கப்ளரைப் பிரித்து அளந்து பாருங்கள். அளவு சென்சாரைக் கைகாட்டினால் தயங்காமல் மாற்றுங்கள். கைகாட்டாமலே மாற்றினால், கோளாறு வயரிங்கிலோ எஞ்சினிலோ அப்படியே இருக்க, நல்ல சென்சார் ஒன்று குப்பைக்குப் போயிருக்கும். வண்டிக்காரர் பணத்தைக் கட்டிவிட்டுப் போய், அதே விளக்கு எரிய, அதே பட்டறைக்குத் திரும்பி வருவார். பென்சில் அளவு கூட இல்லாத ஒரு பாகத்துக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். அந்தப் பாகத்தை நம்பி என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

பிஎஸ்6 புகைக்கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்தன. டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை புகைத்துகள் விடலாம் என்று பிஎஸ்4-இல் இருந்த வரம்பு 4.5 மில்லிகிராமுக்கு இறங்கியது. எஞ்சினுக்குள் மட்டும் திருத்தம் செய்து இந்த வரம்புக்குள் வருவது கடினம் என்பதால் துகள் வடிகட்டியான டிபிஎஃப் வந்தது. வடிகட்டி என்றால் அடைக்கும். அடைத்ததை எரிக்க வேண்டும். ஊருக்குள் ஓடும் வண்டியின் எக்சாஸ்ட் பெரும்பாலும் 150 முதல் 250 டிகிரிக்குள் இருக்கும். படிந்த கரி தானாக எரிய அந்தச் சூடு போதாது. ஆகவே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம், பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்து, அதை வடிகட்டிக்கு முன்னால் உள்ள டிஓசி என்கிற ஆக்சிடேஷன் கேட்டலிஸ்டில் எரியவிட்டு, 550 முதல் 650 டிகிரி வரை சூட்டை ஏற்றுகிறது. எவ்வளவு தெளிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அது முடிவு செய்வது வெப்பநிலை சென்சார்கள் தரும் கணக்கை வைத்துத்தான். சென்சாரில் சந்தேகம் வந்துவிட்டால், கண் தெரியாமல் நெருப்பு மூட்ட முடியாது என்று பல வண்டிகளில் ஈசிஎம் அந்த எரிப்பையே நிறுத்திவிடும். பிறகு கரி சேர்ந்துகொண்டே போகும், பிக்கப் குறையும், கடைசியில் வண்டி லிம்ப் மோடுக்குப் போகும். எரிப்பு பாதியில் நின்று நின்று மறுபடி தொடங்கும் வண்டிகளில் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழிறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அது நல்ல செய்தி அல்ல.

ஈசிஎம்முக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதிலிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. அதற்குச் சூடு தெரியாது, வோல்ட் மட்டும்தான் தெரியும். தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை அனுப்புகிறது; வெளியே சென்சார் எவ்வளவு தடை தருகிறதோ அதற்கேற்ப அந்த வயரில் ஒரு வோல்ட்டேஜ் நிற்கிறது. அதை வெப்பநிலையாகக் கணக்குப் போடுகிறது. வோல்ட்டேஜ் 5-ஐ ஒட்டி நின்றால் சர்க்யூட் திறந்திருக்கிறது என்று பி0546 போன்ற ஒரு கோடு; பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் பி0545. இரண்டாவது இடத்துச் சென்சாருக்கு அதேபோல பி2033, பி2032. வயர் அறுந்தாலும் வோல்ட்டேஜ் 5-க்குத்தான் போகும், கப்ளர் பின் வெளியே தள்ளியிருந்தாலும் 5-க்குத்தான் போகும், சென்சார் உள்ளே உடைந்தாலும் 5-க்குத்தான் போகும். மூன்றையும் பிரித்துப் பார்க்க ஈசிஎம்மால் முடியாது. அந்த வேலைக்குத்தான் மெக்கானிக் இருக்கிறார். ஸ்கேனர் தெருவைக் காட்டுகிறது. வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

அளப்பதற்கு முன் எந்த வகைச் சென்சார் என்று தெரிந்துகொள்வது அவசியம். இது தெரியாமல் மீட்டரை வைப்பதுதான் அளக்காமல் விடுவதைக் காட்டிலும் மோசமான முடிவுகளைத் தருகிறது. இன்று பரவலாக இருப்பது பிளாட்டினம் வகை, பிடி200 என்று சொல்வார்கள். பூஜ்யம் டிகிரியில் 200 ஓம்; சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். 25 டிகிரியில் சுமார் 219 ஓம், 100 டிகிரியில் சுமார் 275, 600 டிகிரியில் 615-ஐ ஒட்டி. நம் ஊர்ப் பட்டறையில் ஆறிய வண்டியில் கப்ளரைப் பிரித்து மீட்டர் வைத்தால் 220-இலிருந்து 230 ஓமுக்குள் காட்ட வேண்டும். இரண்டாவது வகை என்டிசி. இது நேர் எதிர்: ஆறியிருக்கும்போது தடை சில நூறு கிலோ ஓம், சிலவற்றில் மெகா ஓம் வரை போகும், சூடேறினால் சரசரவென்று விழும். ஆறிய என்டிசி சென்சாரில் சாதாரண மீட்டரை வைத்தால் திறந்த சர்க்யூட் போலவே தோன்றும். செத்துவிட்டது என்று தூக்கி எறியப்படும் நல்ல சென்சார்கள் இப்படித்தான் உருவாகின்றன. எஞ்சின் சூடேறிய பிறகுதான் திறந்த சர்க்யூட் கோளாறைப் பதிவு செய்யுமாறு இந்த வகை வண்டிகளின் ஈசிஎம் எழுதப்பட்டிருப்பதும் இதனால்தான். மூன்றாவது வகை தெர்மோகப்பிள். இதில் இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். கே வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோ வோல்ட். கூடவே ஒரு மின்னணுப் பெட்டி இருக்கும். அதன்மேல் ஓம் மீட்டரை வைப்பதில் பொருளில்லை. அதற்கு வரும் சப்ளை, எர்த், ஸ்கேனரில் வரும் அளவு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

பிளாட்டினம் வகைக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இந்த மடலில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 220 ஓம், 470 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை வாங்கி வையுங்கள். ஐந்து சதவீதம் முன்பின் இருக்கும் என்பதால் ஒருமுறை மீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சென்சாரின் கப்ளரைப் பிரித்து, வயரிங் பக்கத்து இரண்டு பின்களுக்கும் நடுவே 220 ஓமை வைத்து, சாவியைப் போட்டு, ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். அந்த இடத்தின் வெப்பநிலை 26 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். 470 ஓமை வைத்தால் சுமார் 370 டிகிரி காட்ட வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் ஈசிஎம் நலம், வயர் நலம், கப்ளரின் வயரிங் பக்கம் நலம். மிச்சம் இருப்பது சென்சாரும் அதன் சொந்த வயரும்தான். இனி அதை மாற்றலாம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும். வரவில்லை என்றால் புதிய சென்சார் எத்தனை போட்டாலும் அந்த விளக்கு அணையாது. ரெசிஸ்டர் கைவசம் இல்லாவிட்டால் கப்ளரைப் பிரித்ததும் கோடு திறந்த சர்க்யூட்டைச் சொல்கிறதா, இரண்டு பின்களையும் ஒரு வயரால் இணைத்ததும் ஷார்ட்டைச் சொல்கிறதா என்று பார்ப்பது சுருக்கமான வழி. இரண்டு வயர் மட்டுமே உள்ள சென்சாரில்தான் இப்படி இணைக்கலாம். தனியாகச் சப்ளை வரும் மூன்று, நான்கு வயர் சென்சாரில் பின்களைச் சேர்த்தால் ஈசிஎம்மே போகக்கூடும்.

பிரித்த கப்ளரில் மீட்டர் 5 வோல்ட் காட்டுகிறதே, வயர் நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காது. உள்ளே அரித்த வயரும், பச்சை பூத்த பின்னும் மீட்டருக்கு 5 வோல்ட்டைக் காட்டிவிடும். ரெசிஸ்டரை வைக்கும்போது மின்சாரம் ஓடுகிறது. ஓடும்போதுதான் வயரின் நோய் வெளிப்படும். அந்த நோய் எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிடி200 சென்சாரில் 600 டிகிரியை ஒட்டி ஒரு டிகிரிக்குத் தடை ஏறுவது 0.6 ஓமுக்குச் சற்று மேல், அவ்வளவே. மழைத் தண்ணீர் புகுந்து அரித்த கப்ளரில் 40 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், உண்மையில் 550 டிகிரி இருக்கும்போது ஈசிஎம் 610-க்கு மேல் இருப்பதாக நம்பும். டீசலைக் குறைக்கும். கரி சரியாக எரியாது, வடிகட்டி மெல்ல மெல்ல அடைக்கும். கோடு எதுவும் வராமலேயே இது மாதக்கணக்கில் நடக்கலாம். எதிர்த்திசையில் பொய் சொன்னால் கேடு இன்னும் பெரிது. சென்சார் குறைவாகக் காட்டினால் ஈசிஎம் மேலும் மேலும் டீசலைத் தெளிக்கும். வடிகட்டியின் உள்கட்டு விரிசல் விடும் அளவுக்கு, சில நேரம் உருகும் அளவுக்குக் கூடச் சூடு ஏறும். எலி கடித்த வயர், டர்போவின் சூட்டில் உறை இளகிய வயர், கிளிப் இல்லாமல் தொங்கிச் சேசிஸில் உரசிய வயர் எல்லாம் நம் ஊர் வண்டிகளில் புதிதல்ல.

பி2080, பி2084 போன்ற கோடுகள் வேறு ரகம். சர்க்யூட் அறுந்துவிட்டது என்று அவை சொல்வதில்லை; அளவு நம்பும்படி இல்லை என்கின்றன. இங்கே சென்சாரைச் சந்தேகிக்கும் முன் எக்சாஸ்டையே சந்தேகிக்க வேண்டும். ஒழுகும் இன்ஜெக்டர் நிஜமாகவே சூட்டை ஏற்றும். டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாய் கிழிந்து காற்று குறைந்தாலும் சூடு ஏறும். டிஓசி செயலிழந்திருந்தால் எவ்வளவு டீசல் தெளித்தாலும் வடிகட்டிக்கு முன்னால் சூடு ஏறாது. அப்போது அங்குள்ள சென்சார் உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்படும். இதைப் பிரித்தறிய ஓர் இரவு போதும். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, எல்லா எக்சாஸ்ட் சென்சார்களின் அளவையும் கூலண்ட் வெப்பநிலை, உள்வரும் காற்றின் வெப்பநிலை ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஆறிய இரும்பு. எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் சொல்ல வேண்டும். மற்றவை 27, 28 சொல்லும்போது ஒன்று மட்டும் 80 சொன்னால் பொய் சொல்வது யார் என்று தெரிந்துவிடும். பிறகு ஸ்டார்ட் செய்து ஓடவிட்டால், எஞ்சினுக்கு அருகிலுள்ளது முதலில் ஏறும், வடிகட்டிக்குப் பின்னால் உள்ளது நிதானமாகத் தொடரும். அந்த வரிசை குலையக் கூடாது. லேசர் வெப்பமானியால் குழாயைச் சுட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது குழாயின் தோலை அளக்கிறது, உள்ளே ஓடும் வாயுவை அல்ல. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும். டிகிரிக்கு டிகிரி ஒப்பிட உதவாது.

இதற்கெல்லாம் நேரம் ஏது, வாசலில் ஆறு வண்டி நிற்கிறது, லோடு ஏற்றிய லாரிக்காரர் தலைமேல் நிற்கிறார் என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கப்ளர் பெரும்பாலும் சூடு படாத இடத்தில் கைக்கு எட்டும்படி இருக்கும்; சென்சாரோ டர்போவையோ டிபிஎஃப்பையோ ஒட்டி, ஆயிரம் முறை காய்ந்து ஆறிய இரும்பில் இறுகிப்போயிருக்கும். கப்ளரைப் பிரித்து ரெசிஸ்டர் வைக்கச் சில நிமிடங்கள் போதும். இறுகிய நட்டைக் கழற்றப் போனால் துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊற வைக்க வேண்டும், கொஞ்சம் சூடேற்ற வேண்டும், அப்படியும் நட்டு உருளலாம், மரை கிழியலாம், சென்சார் பாதியில் முறிந்து உள்ளேயே தங்கலாம். டர்போ உறையில் மரை போனால் ஆகும் செலவு சென்சாரின் விலையைத் தாண்டிவிடும். நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பவருக்குத்தான் அளப்பது முதலில் தேவை.

இந்தச் சென்சார்கள் நிஜமாகவே அடிக்கடி போகின்றன, பத்து முறை மாற்றினால் பல முறை அதுதான் காரணமாக இருக்கிறது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. இதை நான் மறுக்கவில்லை. அதிர்விலும் சூட்டிலும் உயிர் வாழும் பாகம் அது. ஊசியளவு கம்பிகள் உள்ளே உடைவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும் ஊகம், தவறும் அந்த ஒரு வண்டியின் சொந்தக்காரருக்கு எந்த ஆறுதலும் தராது. தவணை கட்டி ஓட்டும் லாரிக்கு நின்ற ஒவ்வொரு நாளும் நட்டம். ஊகம் தவறிய பிறகு இரண்டாவது பாகமும் ஊகத்தாலேயே மாற்றப்படுகிறது, பிறகு மூன்றாவது. கடைசியில் ஈசிஎம்மைக் குறை சொல்லும் இடத்தில் போய் நிற்கிறது.

என் முறைக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறியபோது சரியான ஓம் காட்டி, 400 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே விட்டுப்போகும் சென்சார்கள் இருக்கின்றன. காலைச் சோதனையில் அவை தேறிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் கோடு பதிவான நேரத்து ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படியுங்கள்: என்ன வேகம், என்ன லோடு, மற்றச் சென்சார்கள் என்ன சொல்லின. பிறகு ஸ்கேனரை மாட்டியபடியே மேட்டில் ஓட்டி, அந்தச் சென்சாரின் அளவு வரையும் வரைபடத்தைப் பாருங்கள். படிப்படியாக ஏறி வந்த அளவு ஒரே நொடியில் எல்லைக்குத் தாவினால் அது மின்சாரத்தின் கோளாறு. வாயுவின் சூடு அப்படித் தாவாது. வண்டியை நிறுத்தி, சூடு இருக்கும்போதே வயரை அங்கங்கே அசைத்துப் பார்த்தால் வயரா சென்சாரா என்பதும் பிடிபடும். மாதிரிக்கு மாதிரி வேறுபடும் கம்பெனி விவரங்கள் கைக்கு வருவதில்லை என்ற குறையும் உண்மையே. ஆனாலும் பிளாட்டினம் எல்லாக் கம்பெனியிலும் பிளாட்டினம்தான். வகை தெரியாத வண்டியில் அதே எஞ்சினில் உள்ள இன்னொரு சென்சாரை அளந்து ஒப்பிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மலிவான ஸ்கேனரில்கூட, வண்டி அந்த விவரத்தைத் தருமானால், பொது அளவுகளின் பட்டியலில் எக்சாஸ்ட் வெப்பநிலை கிடைக்கும்.

கடைசியாக, சிலர் வேறொரு வழியைக் கேட்டு வருகிறார்கள்: சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டரையே நிரந்தரமாக வைத்துவிடுங்கள், அல்லது டிபிஎஃப்பையே உடைத்து எடுத்துவிடுங்கள் என்று. சோதிக்க உதவும் அதே ரெசிஸ்டர் நிரந்தரமாக உட்கார்ந்தால் ஈசிஎம்மின் கண்ணைக் கட்டிவிட்டு அடுப்பு மூட்டச் சொல்வதாகும். சூடு எவ்வளவு ஏறினாலும் அதற்கு ஒரே எண்தான் தெரியும். வடிகட்டி போகும், டர்போ போகும், காய்ந்த புல்மேல் நிறுத்திய வண்டி தீப்பிடிக்கவும் கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு காற்று மாசு விதியை மீறி ஓட்டுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. சட்டத்தைவிட உங்கள் நுரையீரல் எனக்கு முக்கியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதியான முதல் தொகுதியில் சேர்த்தது. நாளெல்லாம் அந்தப் புகைக்கு அருகில் குனிந்து வேலை செய்பவர்கள் நீங்களும் உங்களிடம் தொழில் பழகும் பையன்களும்தான்.

சென்சாரை மாற்ற வேண்டியே வந்தால், பழையதன் வகையையும் வயர் நீளத்தையும் பொருத்திப் பாருங்கள், புதியதன் முனையை வளைக்காதீர்கள், வயர் முறுக்கிக்கொள்ளாமல் நட்டை மட்டும் திருப்புங்கள். விளக்கை அணைத்து அனுப்பும் முன் கரியின் அளவையும் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். ஆயிலில் டீசல் கலந்திருந்தால் ஆயிலை மாற்றிய பிறகே எரிப்பு நடத்துங்கள், அதையும் திறந்த வெளியில் நடத்துங்கள்.

இனி உங்களிடம் கேட்பது இதுதான். எக்சாஸ்ட் சென்சாரை மாற்றிய ஒவ்வொரு பில்லிலும் மூன்று விவரங்களை எழுதிக் கொடுங்கள்: வந்த கோடு, ரெசிஸ்டர் வைத்தபோது ஸ்கேனர் காட்டிய அளவு, பழைய சென்சார் காட்டிய ஓம். பழைய சென்சாரையும் வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரத்திலிருந்தே தொடங்குங்கள்.